டவரும் இல்லை, வெளியேறவும் வழி இல்லை! செல்போன் கம்பெனியை விட்டுப்போக ஏன் இத்தனை பாடு?

சென்னை,

"ஹலோ... ஹலோ... கேட்கலை... டவர் இல்லை சார்!"

சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் குரல் கேட்கும். பேச்சு பாதியிலே அறுந்துபோகும். மொட்டை மாடிக்கு ஓடினால் ஒரு கோடு ஏறும். கீழே இறங்கினால் அதுவும் போய்விடும்.

பணம் மட்டும் தவறாமல் போகிறது. சிலருக்கு மாதாமாதம் பில். மற்றவர்களுக்கு 28 நாளைக்கு ஒரு தடவை ரீசார்ஜ்.

"சரி, இந்தக் கம்பெனியே வேண்டாம். வேறு கம்பெனிக்குப் போயிடலாம்" என்றால் முடிகிறதா?

முடியும். அதற்குச் சட்டம் இருக்கிறது. அதே எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

வெளியேற ஒரு ரகசிய எண் வேண்டும். எந்தக் கம்பெனியின் டவர் கிடைக்கவில்லை என்று நீங்கள் வெளியேறப் பார்க்கிறீர்களோ, அதே கம்பெனியின் டவர் வழியாகத்தான் அந்த ரகசிய எண் வந்து சேர வேண்டும்!

சாவியை உள்ளே வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிய கதைதான்.

தமிழ்நாடு பட்ட பாடு

இது சும்மா சொல்லும் பேச்சு அல்ல. 2018-ம் ஆண்டு தமிழ்நாடே இந்தப் பாட்டைப் பட்டது.

ஏர்செல் கம்பெனியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1999-ல் தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி. தொடங்கியவர் தொழில் அதிபர் சி.சிவசங்கரன். 2006-ல் அது மலேசியாவின் மேக்சிஸ் கம்பெனி கைக்குப் போனது.

நம்ம ஊர் கம்பெனி என்ற பாசம் ஜனங்களுக்கு இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் மஞ்சள் சட்டையில் ஏர்செல் பெயர் பளிச்சென்று தெரியும். விளம்பரத்தில் டோனி சிரிப்பார். கிராமத்து பெட்டிக்கடை வரை ஏர்செல் பலகை தொங்கியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சுக்குக் காசு இல்லை என்றது. மற்ற கம்பெனிகள் ஆட்டம் கண்டன. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏர்செல் பார்த்தது. 2017 அக்டோபரில் அந்தச் சம்பந்தமும் முறிந்தது.

கடன் கழுத்தை நெரித்தது. டவர் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய வாடகை பாக்கி நின்றது.

இங்கே ஒரு விஷயம். நாம் பார்க்கிற டவர் பெரும்பாலும் செல்போன் கம்பெனியின் சொந்த டவர் அல்ல. டவர் வைப்பதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. செல்போன் கம்பெனி அதில் குடியிருக்கும் வாடகைக்காரர் மாதிரி. வாடகை வராவிட்டால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

2018 பிப்ரவரி 3-வது வாரத்தில் அது நடந்தது. தமிழ்நாட்டில் ஏர்செல் டவர்கள் வரிசையாக அணைந்தன. கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் செல்போன் ஒரே நேரத்தில் ஊமையானது.

நம்பர்தான் எல்லாம்

போன் பேச முடியவில்லை என்பது சின்ன கஷ்டம். பெரிய கஷ்டம் வேறு.

பேங்கில் பணம் எடுக்க, கியாஸ் சிலிண்டர் பதிவு செய்ய, ரெயில் டிக்கெட் வாங்க, ஆதாரில் திருத்தம் செய்ய... எதற்கும் அந்த நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வர வேண்டும். நம்பர் செத்தால் ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. வராவிட்டால் சொந்தப் பணமே நமக்குச் சொந்தம் இல்லை!

அதனால்தான் ஜனங்கள் சிம் கார்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது நம்பர் வாங்கவில்லை. அந்த நம்பரையே காப்பாற்ற ஏர்செல் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் படை எடுத்தார்கள். வாசலில் கூட்டம் முண்டியடித்தது. தகராறு நடந்தது. போலீஸ் வர வேண்டியதாயிற்று.

"வேறு கம்பெனிக்கு மாத்திக் கொடுங்க" என்று புதுக் கம்பெனி கடையில் போய் நின்றால், "போர்ட் கோடு எங்கே?" என்று கேட்டார்கள். கோடு எடுக்க எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். எஸ்.எம்.எஸ். போக டவர் வேண்டும். டவர் இருந்தால் அவர்கள் ஏன் கடைக்கு வருகிறார்கள்?

எங்காவது டவர் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கே ஓடினார்கள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோடு வருமா என்று காத்துக் கிடந்தார்கள்.

பிப்ரவரி 28-ந் தேதி ஏர்செல் திவால் மனு போட்டது. மார்ச் மாதம் மும்பையில் உள்ள தேசிய கம்பெனி சட்ட தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் வேறு கம்பெனிக்கு மாற ஏப்ரல் 15 வரை வழிசெய்யும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏற்பாடு செய்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. மாறாமல் கிடந்த நம்பர்களுக்காக 2019 அக்டோபர் 31 வரை மறுபடியும் அவகாசம் கொடுக்க வேண்டி வந்தது. டவர் அணைந்து ஒன்றரை வருஷம் கழித்தும் வெளியேறாதவர்கள் இருந்தார்கள்!

சாவி யார் கையில்?

ஏர்செல் கதை பழைய கதை. இப்போது நிலைமை மாறிவிட்டதா?

பாதி மாறி இருக்கிறது.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி இந்தியாவில் 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கியது. 2011 ஜனவரி 20-ந் தேதி நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலையில் இருந்து மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே நம்பர் என்றாயிற்று.

2019 டிசம்பர் 16-ந் தேதி விதிகள் மறுபடியும் திருத்தப்பட்டன. முன்பெல்லாம் போர்ட் கோடு கொடுப்பது பழைய கம்பெனி. விட்டுப்போகிற வாடிக்கையாளருக்கு எந்தக் கம்பெனி சந்தோஷமாக வழி விடும்? ஏதாவது காரணம் சொல்லி இழுத்தடித்தார்கள் என்று புகார்கள் குவிந்தன.

திருத்தத்துக்குப் பிறகு, கோடு உருவாக்குவது நடுவில் உள்ள ஒரு நிறுவனம். பழைய கம்பெனியிடம் பாக்கி உண்டா, நாள் கணக்கு சரியா என்று அதுவே சரிபார்க்கிறது. எல்லாம் சரி என்றால்தான் கோடு பிறக்கிறது. ஆகவே கோடு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நல்ல திருத்தம்தான். ஆனால் கோடு உங்கள் கைக்கு வந்து சேரும் பாதை மட்டும் மாறவில்லை. அது இன்றைக்கும் எஸ்.எம்.எஸ். ஆகத்தான் வருகிறது. பழைய சிம்முக்குத்தான் வருகிறது. பழைய டவர் வழியாகத்தான் வருகிறது.

கோடு தயாரிப்பது நடுவர். அதைக் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர் மட்டும் பழைய கம்பெனியா? இதுதான் கேள்வி.

இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். அதையும் கேட்க வேண்டும். கோடு வேறு வழியில் வந்தால் திருடர்கள் பிடித்துக்கொள்வார்களாம். உங்கள் நம்பரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஓ.டி.பி. வாங்கி, பேங்கில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிடுவார்களாம்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. சிம் கார்டு மோசடி உண்மையிலேயே நடக்கிறது. ஆகவே காவல் வேண்டியதுதான். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா?

டவர் ஏன் போகிறது?

கம்பெனி திவால் ஆனால்தான் டவர் போகும் என்பது இல்லை. சென்னையில் தினமும் ஏதாவது ஒரு தெருவில் போகிறது.

பக்கத்து மாடியில் டவர் இருந்திருக்கும். கட்டிடக்காரருக்கும் டவர் கம்பெனிக்கும் குத்தகை முடிந்திருக்கும். அல்லது பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவார்கள். டவரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நேற்றுவரை 4 கோடு காட்டிய போன், இன்று 'சேவை இல்லை' என்று காட்டும்.

நடுவில் ஒரு பெரிய கட்டிடம் எழும்பினாலும் இதே கதி. கட்டிடத்தின் பின்னால் இருப்பவர்கள் நிழலில் மாட்டிக்கொள்வார்கள்.

ஜனங்கள் பக்கமும் ஒரு வேடிக்கை உண்டு. கதிர்வீச்சு வரும், எங்க தெருவில் டவர் வேண்டாம் என்று கொடி பிடிப்பதும் அதே தெருதான். வீட்டுக்குள்ளே டவர் எடுக்கலை என்று புகார் சொல்வதும் அதே தெருதான். டவர் கதிர்வீச்சு அளவை 2012-ல் மத்திய அரசு முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. பயம் மட்டும் குறையவில்லை.

மழை வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தொடர்பு இல்லாமல் துண்டிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல். தண்ணீரில் டீசலை யார் கொண்டுபோவது?

கையெழுத்து இல்லாத ஒப்பந்தம்

வெளிநாடுகளில் செல்போன் என்றால் 1 வருஷம், 2 வருஷம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். நடுவில் விட்டுப்போனால் அபராதம்.

நம்ம ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்பணம் கட்டி ரீசார்ஜ் செய்கிறவர்கள்தான். ஆகவே நமக்கு ஒப்பந்தமே கிடையாது என்று நினைக்கிறோம்.

அது தவறு. ரீசார்ஜ்தான் ஒப்பந்தம்!

84 நாள், 365 நாள் என்று திட்டம் போடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரே தடவையில் கட்டினால் லாபம் என்கிறார்கள். ஜனங்களும் 2 ஆயிரம், 3 ஆயிரம் என்று மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் தெருவில் டவர் போகிறது.

இப்போது வேறு கம்பெனிக்குப் போனால் என்ன ஆகும்? மீதி 9 மாதப் பணம் போச்சு. கம்பெனி மாறும்போது பழைய சிம்மில் இருக்கிற பாக்கித் தொகை புதுக் கம்பெனிக்கு வராது. விதியே அப்படி.

கையெழுத்து வாங்கவில்லை. அபராதம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் அபராதம் முன்கூட்டியே வசூல் ஆகிவிட்டது!

மாவட்டமே இருண்டால்தான் கணக்கு

டவர் இல்லாத நாளுக்குப் பணம் திரும்பக் கிடையாதா?

2024-ல் டிராய் புதிய தர விதிகளைக் கொண்டுவந்தது. அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், பில் கட்டுகிறவர்களுக்கு அந்த நாட்களின் வாடகையைக் கழிக்க வேண்டும். ரீசார்ஜ் செய்கிறவர்களுக்கு அத்தனை நாள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ரீசார்ஜ்காரர்களுக்கு உரிய இந்தப் பகுதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு எங்கே தொடங்குகிறது பாருங்கள். மாவட்டம்!

உங்கள் வீட்டில் 6 மாதமாக டவர் இல்லை. உங்கள் தெருவே இருட்டு. இது கணக்கில் வராது. மாவட்ட அளவில் முடங்கினால்தான் கணக்கு. தெருவுக்கு ஒரு நியாயம், மாவட்டத்துக்கு ஒரு நியாயமா?

இன்னொரு நல்ல காரியமும் அதே விதியில் இருக்கிறது. எந்த இடத்தில் டவர் கிடைக்கும் என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும். வெளியிட்டும் இருக்கின்றன. இதை ஒரு ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் உங்கள் தெருவுக்கு வண்ணம் பூசியிருந்து, வீட்டில் டவர் இல்லை என்றால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அதுவே சாட்சி.

வெளியேறுவது எப்படி?

வீட்டில் மட்டும்தான் டவர் இல்லை என்றால் வழி சுலபம். டவர் கிடைக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். பஸ் நிறுத்தமோ, கடைத்தெருவோ. அங்கே இருந்து ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, இடம் விட்டு உங்கள் நம்பரை எழுதி 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

8 எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு வரும். அதன் ஆயுள் 4 நாள்தான். கோடு வாங்கிவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அடையாள ஆவணத்தோடு புதுக் கம்பெனி கடைக்குப் போங்கள். ஒரே வட்டாரத்துக்குள் என்றால் 3 வேலை நாள். வேறு வட்டாரம் என்றால் 5 வேலை நாள். மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

கோடு கிடைக்காமல் போகும் இடங்கள் இவை:

இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகி இருக்க வேண்டும். பில் கட்டுகிறவர்கள் கெடு தாண்டிய பாக்கியைத் தீர்த்திருக்க வேண்டும். மாறிப்போன பிறகு வரும் கடைசி பில்லையும் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் புதுக் கம்பெனியிலும் இணைப்புக்கு ஆபத்து.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாத பொறி. "டவர் வரலை" என்று கடைக்குப் போனால், "சிம் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லுவார்கள். நீங்களும் சிம்மை மாற்றுவீர்கள். 2024 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி, சிம் மாற்றிய 7 நாளைக்குக் கோடு கிடைக்காது. மோசடியைத் தடுக்கப் போட்ட விதி இது. ஆனால் அவசரத்தில் இருப்பவரை அது நிறுத்திவைத்துவிடும். ஆகவே முதலில் அதே சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் டவர் இல்லை என்றால் கோளாறு எங்கே என்று யோசித்து முடிவு எடுங்கள்.

போகிற இடத்திலும் டவர் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் மறுபடியும் 90 நாள் அசைய முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி உங்கள் சமையல் அறையில் நின்று பேசிப் பாருங்கள். வரைபடத்தைவிட அது நிச்சயம். ஒரு காலத்தில் இங்கே பத்து கம்பெனிகள் போட்டி போட்டன. இப்போது ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என்று நான்குதான். ஓடி ஓடி எத்தனை வாசல் ஏற முடியும்?

முக்கியமாக, கோபத்தில் சிம்மை வீசிவிடாதீர்கள். ரத்தான நம்பரை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். டிராய் இதை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டிலேயே சொல்லி இருக்கிறது. உங்கள் பேங்க் ஓ.டி.பி. யாரோ ஒருவர் கைக்குப் போகும். நம்பரை விடுவதாக இருந்தால், முதலில் பேங்கிலும் ஆதாரிலும் புது நம்பரைப் பதிந்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

கோர்ட் கதவு திறந்தது

புகார் சொல்ல 198. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளைக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மனு செய்யலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கு மேல்?

முன்பெல்லாம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால், "டெலிபோன் விவகாரம் இங்கே வராது" என்று கம்பெனிகள் தடை போட்டன. 1885-ம் வருஷத்து தந்திச் சட்டத்தைக் காட்டின. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லி இருந்தது.

அந்தக் கதவைத் திறந்தவர் ஆமதாபாத் வாடிக்கையாளர் ஒருவர். வழக்கமாக அவருக்கு மாதம் 555 ரூபாய் அளவில் பில் வரும். 2013 நவம்பர்-டிசம்பரில் 24 ஆயிரத்து 609 ரூபாய் 51 காசு என்று வந்தது. அவர் கேட்ட இழப்பீடு 22 ஆயிரம் ரூபாய். இந்தத் தொகைக்காகக் கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரை போனது.

2022 பிப்ரவரி 16-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், சூர்யகாந்த், விக்ரம்நாத் ஆகியோர், செல்போன் சேவையும் சேவைதான், நுகர்வோர் கோர்ட் விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆக, வீணாய்ப்போன வருஷ ரீசார்ஜ் பணத்தைக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் 3 ஆயிரம் ரூபாய்க்காக வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு எத்தனை பேர் அலைவார்கள்? கம்பெனிகளின் தைரியமே அதுதான்.

செய்ய வேண்டியது மூன்று

ஒன்று: வாடிக்கையாளர் நேரில் வந்து கைரேகை வைத்து, தன் நம்பர்தான் என்று நிரூபித்தால், புதுக் கம்பெனி கடையிலேயே கோடு கிடைக்க வேண்டும். சிம் வாங்கவே கைரேகை வைக்கிறோம். அதே கைரேகை வெளியேறவும் போதாதா? திருடனும் தடுக்கப்படுவான். வீட்டுக்காரரும் மாட்டமாட்டார்.

இரண்டு: டவர் இல்லை என்று புகார் கொடுத்து, கம்பெனி சரிசெய்யத் தவறினால், மீதி நாட்களின் ரீசார்ஜ் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்று: நஷ்டஈட்டுக் கணக்கு மாவட்டத்தில் இருந்து தெருவுக்கு இறங்கி வர வேண்டும்.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவை இல்லை. கோடு உருவாக்கும் நிறுவனம் ஏற்கனவே நடுவில் இருக்கிறது. கைரேகை எந்திரம் ஒவ்வொரு கடையிலும் இருக்கிறது. எந்த டவரில் எத்தனை நாள் சேவை இல்லை என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. இல்லாதது உத்தரவு மட்டும்தான்.

ஏர்செல் விழுந்தபோது அது ஒரு கம்பெனியின் விபத்து என்று சொன்னார்கள். மிச்சம் இருப்பது 4 கம்பெனிகள். அவற்றில் ஒன்று நாளைக்குத் தடுமாறினால், 2018-ல் கடை வாசலில் நின்ற அதே கூட்டம் மறுபடியும் நிற்கும். அன்றைக்கு அவசர அவசரமாகக் கெடு நீட்டுவதைவிட, இன்றைக்கே சாவியை வெளியே எடுத்து வைப்பது நல்லது.

டிராய் ஆவன செய்யுமா?